கைப்பிடி சுற்றும் பையன்

இன்று காலை போனில் ஒரு பழைய ஓவியம் கண்ணில் பட்டது. 2000ஆம் ஆண்டில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று சுமார் நூறு ஆண்டு முன்னால் பிரான்சில் கற்பனை செய்து வரைந்தது.

ஆசிரியர் புத்தகங்களை ஒரு இயந்திரத்துக்குள் போடுகிறார். அதிலிருந்து கம்பிகள் வழியே பாடம் மாணவர்களின் தலைக்குப் போகிறது.

ஒரு பையன் மட்டும் நின்றுகொண்டு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுகிறான்.

அவனை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கம்பியில் பாடம் ஏறும் காலத்தையே கற்பனை செய்தவர்களுக்கு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்க ஒருவன் நின்று உழைப்பதை மாற்றத் தோன்றவே இல்லை.

கருவிகள் எப்படியோ வந்துவிடுகின்றன. படம் தெரியும் தொலைபேசியை 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டினார்கள். 1970இல் சேவை தொடங்கியபோது கட்டணம் தாங்காமல் படுத்துவிட்டது. இன்று அது சட்டைப்பையில் இருக்கிறது.

வராதது ஓய்வு. நூறு ஆண்டில் வாரம் 15 மணி நேர வேலை போதும் என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1930இல் எழுதினார். செல்வம் பல மடங்கு பெருகும் என்ற கணக்கு பலித்துவிட்டது. வேலை நேரம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவே இல்லை. 2030க்கு இன்னும் எவ்வளவு தூரம்?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து நம் சுமையைக் குறைக்கும் என்கிறார்கள். சரி, குறைக்கட்டும். ஆனால் அதைப் பழக்குவதற்காக நாளெல்லாம் படங்களைப் பார்த்துக் குறியிட்டுக்கொண்டு, குறைந்த கூலிக்கு எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வரப்போகும் ஓய்வில் அவர்களுக்கும் பங்கு உண்டா என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.