ஏபிசிக்கு முன்னாடி டப்பா மூடி

என் மகன் பாலர்பள்ளிக்குப் போன ரெண்டாவது நாளு, நனைஞ்ச கால்சட்டைய பிளாஸ்டிக் பையில முடிச்சுப் போட்டு அவன் பேக்குக்குள்ள வச்சு அனுப்பியிருந்தாங்க. என்னடா ஆச்சுன்னு கேட்டேன், பதிலே இல்ல. ராத்திரி படுக்கறப்ப என் கைய புடிச்சிக்கிட்டு சொன்னான், "சிக்குகிட்ட எப்படி கேக்கறதுன்னு தெரியலம்மா." சிக்குன்னா மலாய்ல டீச்சரு.

எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கமே வரல. ஏன்னா அவனுக்கு அம்பது வரைக்கும் எண்ணத் தெரியும், ஏபிசி பாட்டு தெரியும், கலர் பேரெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லுவான், ஒரு வருஷமா வேலை முடிஞ்சு வந்து ஒக்காந்து ஒக்காந்து நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒண்ணுக்கு வந்தா மலாய்ல என்னான்னு கேக்கணும், அத மட்டும் சொல்லிக் குடுக்கல. வீட்டுல தமிழ், பக்கத்து வீட்டுல தமிழ், கோயில்ல தமிழ், அவன் மலாய் பேச வேண்டிய எடமே அதுவரைக்கும் இல்ல. அந்த சிக்கு மேல எனக்கு கோவமில்ல. நல்ல மனுஷி, அவங்கதான் அவனுக்கு வேற கால்சட்டை மாட்டி அனுப்பினாங்க. ஆனா வாய தொறந்து கேக்காத பிள்ளைக்கு என்ன வேணும்னு யாருக்குத் தெரியும்?

எங்களுக்கு மலேசியாவுல சுங்கை சிப்புட், ஈப்போவுலேர்ந்து கோலகங்சார் போற பழைய ரோட்டுல இருக்கு. சுத்தி ஒரு காலத்துல ரப்பர், இப்ப முக்காவாசி செம்பனை. இங்க நாலஞ்சு வயசு பிள்ளைய எங்க சேக்கறதுங்கறதே பெரிய யோசனை. தமிழ்ப்பள்ளியோட சேந்த பாலர் வகுப்புன்னா ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைங்கதான், ஒரு டீச்சர், ஒரு உதவியாளர், நாலு மணி நேரம். எடம் கெடைக்கலன்னா மலாய் கிராமம், அதாவது கம்பத்துல இருக்கற கெமாஸ் தாபிகா, இல்லன்னா பெர்பாடுவான் தாபிகா, ரெண்டும் கவர்மெண்டு பாலர்பள்ளி, செலவு கம்மி. அதுவும் இல்லன்னா தனியார். இந்தியர்களுக்கு உதவற கவர்மெண்டு அமைப்பு மித்ரா வழியா தனியார் பாலர்பள்ளி கட்டணத்துக்கு உதவி குடுத்திருக்காங்க, ஆனா விஷயம் காதுல விழுந்து பாரத்த நேரத்தோட அனுப்பினவங்களுக்குத்தான் அது கெடைக்குது. என் மகனுக்கு தமிழ்ப்பள்ளில எடம் கெடைக்கல, அதனால கெமாஸ் போனான். போனது நல்லதுதான், இப்ப என்னைய விட நல்லா மலாய் பேசறான்.

எங்க பாட்டிகிட்ட இந்த கால்சட்டை கதைய சொன்னேன். அவங்க தோட்டத்துல ஆயாவா இருந்தவங்க, ஆயாக்கொட்டாய்ல. விடியக்காலைல பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடற எடத்துக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாக்காரிங்க இருட்டோட இருட்டா பிள்ளைய தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போவாங்களாம். சேலையில வரிசையா தொட்டி கட்டி சின்னதெல்லாம் தூங்கும், நடக்கறதெல்லாம் பாட்டி பின்னாடியே சுத்தும். மூணு வயசுலயே பிள்ளைங்க தானா சாப்பிட்டு தட்டு கழுவுவாங்க, பெரிசு சின்னதுக்கு மூஞ்சி தொடைச்சு விடும், யாரும் தனியா ஒக்காந்து எதையும் சொல்லிக் குடுக்கறதில்லன்னு சொன்னாங்க. தோட்டத்துல குழந்தைக் காப்பகம் பத்தி சட்டத்துலயே எழுதியிருக்கு, 1990 வருஷத்து அக்டா 446. ஆனா ரப்பர் போயி செம்பனை வந்து, தோட்டம் தாமான்னு சொல்ற குடியிருப்பா ஆயி, சனங்களும் டவுன் பக்கம் வந்துட்டாங்க. கொட்டாயும் போச்சு, ஆயாவும் போயாச்சு. இப்ப அந்த வேலை முழுக்க ஒரே ஒரு அம்மா தலையில, அதுவும் பெக்டரில ஷிப்டு பாத்துட்டு வர்ற அம்மா தலையில.

பாட்டி பேச்சுவாக்குல சொன்னாங்க, "நாலு பிள்ளைய ஒண்ணா விடு, அதுங்களே கத்துக்கும்." அதுலேர்ந்துதான் இது ஆரம்பிச்சது. எங்க வரிசையில மறு வருஷம் பாலர்பள்ளி போக வேண்டிய பிள்ளைங்க இருக்கற வீடு எதெதுன்னு போயி கேட்டேன், நாலு வீடு தேறுச்சு. மாரியம்மன் கோயில் மண்டபத்துல சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம், கோயில் தலைவரு ஒரு வார்த்தை கூட மறுத்துப் பேசல. பாய் வாங்க ஆளுக்கு அஞ்சு வெள்ளி, அதாவது அஞ்சு ரிங்கிட், போடலாமான்னு நான் தயங்கித் தயங்கி கேட்டப்ப, கோயில் வாசல்ல ஒக்காந்திருந்த ஒரு தாத்தா சொன்னாரு, தோட்டத்த துண்டு போட்டு வித்த காலத்துல மாசம் பத்து பத்து வெள்ளியா கட்டி தோட்டமே வாங்கினோம், அஞ்சு வெள்ளிக்கு ஏம்மா பயப்படறன்னு. 1960-ல அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கத்தத்தான் சொன்னாரு, சம்பந்தன் எங்க ஊர்க்காரரு. அதுக்கப்பறம் நான் எதுக்கும் கூச்சப்படறதில்ல, வேணும்னா வாய விட்டு கேட்டுடறேன்.

முதல் சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல ஒண்ண பாத்தேன். ஏழு பிள்ளைங்க, ஆளாளுக்கு ஒரு டப்பா. ஏழு பேரும் டப்பாவ மடியில வச்சிக்கிட்டு அம்மா மூஞ்சிய பாக்கறாங்க. ஒரு பிள்ளைக்குக் கூட மூடி தொறக்கத் தெரியல. அதுல ஒரு பொம்பளப் பிள்ளை, நாலு பக்கமும் கிளிப்பு வச்ச புது டப்பா, ஒரு பக்கம் தொறந்தா இன்னொரு பக்கம் இறுக்கமா இருக்கு, வெரலு செவந்து போச்சு, அழுகாம திருப்பித் திருப்பிப் பாக்குது. அவங்க அம்மா கை தானா நீண்டுச்சு, பாட்டி அந்த கைய லேசா புடிச்சிக்கிட்டாங்க. ரொம்ப நேரம் ஆச்சு, அந்த பிள்ளை டப்பாவ தரையில வச்சு, முட்டியால அமுக்கிப் புடிச்சு, ரெண்டு கட்டவெரலையும் கிளிப்புக்கு அடியில விட்டு நெம்புச்சு. பட்டுன்னு தொறந்துச்சு. உள்ள ரெண்டு இட்லி, சீனி தொட்டுக்க. அது சிரிச்ச சிரிப்ப பாத்து பக்கத்துல இருந்த பையனும் டப்பாவ தரையில வச்சான்.

பாலர்பள்ளில 25 பிள்ளைங்களோட டப்பாவ ஒரு டீச்சரால தொறந்து விட முடியாது. வாய தொறந்து கேக்கத் தெரியாத பிள்ளை பசியாறாமலே டப்பாவ திருப்பிக் கொண்டு வந்துடும், நம்ம என்னமோ பிள்ளைக்குப் பள்ளி பிடிக்கலன்னு நெனச்சுக்குவோம். கவர்மெண்டு போட்ட தேசிய பாலர்பள்ளி கலைத்திட்டத்துலயே, 2017-ல திருத்தினாங்களே அதுல, மொழி, அறிவியல் எல்லாத்தோடவும் கெத்ராம்பிலான் டிரின்னு ஒரு தனிப் பிரிவு இருந்துச்சு, அதாவது பிள்ளை தன்னைத் தானே பாத்துக்கறது, மத்தவங்களோட பழகறது. நம்ம வீட்டுல அதத்தான் கடைசில வச்சிருக்கோம்.

அதனால மண்டபத்துல நாங்க பென்சில கையில குடுக்கறதே இல்ல, ஒரு சில அம்மாங்களுக்கு அதுல வருத்தம்தான், எழுதச் சொல்லிக் குடுக்கலயேன்னு. நான் அவங்ககிட்ட திரும்பத் திரும்ப சொல்றது, வெரலுக்கு தெம்பு வந்தாதான் பென்சிலு நிக்கும். சப்பாத்தி மாவ பிசையட்டும், சின்ன வெங்காயம் உரிக்கட்டும், கோலமாவு கிள்ளி புள்ளி வைக்கட்டும், சட்டை பட்டன தானா போடட்டும். சட்டை பட்டனுக்கு என் மகனுக்கு மூணு வாரம் ஆச்சு, கீழேர்ந்து மேல போடச் சொன்னப்பறம்தான் வந்துச்சு, மேலேர்ந்து போட்டா அவனுக்கு கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியல.

மலாய்ல அஞ்சே அஞ்சு வாக்கியம். "சிக்கு, சாயா நாக் பெர்கி தண்டாஸ்" தான் முதல்ல, டீச்சர் நான் கக்கூஸுக்குப் போகணும்னு அர்த்தம். அப்பறம் தண்ணி வேணும், வயிறு வலிக்குது, என்னைய அடிச்சிட்டான், புரியல. இத வெளையாட்டா சொல்ல வைப்போம், தாத்தா ஒருத்தரு நாற்காலி போட்டு சிக்குவா ஒக்காருவாரு, பிள்ளைங்க ஒவ்வொண்ணா கைய தூக்கிக் கேக்கணும், கேட்டா நெஜமாவே கோயில் தண்டாஸுக்கு கூட்டிட்டுப் போவோம். வீட்டுல ஒக்கார்ற டைப்பு இருக்கற பிள்ளைங்களுக்கு குந்தற டைப்பு பயம், அதையும் பழக்கணும், தண்ணி ஊத்தி கழுவவும் பழக்கணும். இத எழுத சில பேரு கூச்சப்படலாம், ஆனா நாலு வயசு பிள்ளைக்கு பள்ளியில நாள் முழுக்க இதுதான் கவலை.

அழுகைக்கு ஒரே வழிதான் எங்களுக்குத் தெரிஞ்சது. பிள்ளை அந்தப்பக்கம் பாக்கறப்ப நைசா நழுவாதீங்க. நழுவினீங்கன்னா மறுநாள் உங்க முந்தானைய விடவே விடாது. "அம்மா கடைக்குப் போயிட்டு வரேன்"னு மூஞ்சிய பாத்து சொல்லிட்டு, பத்து நிமிஷத்துல சொன்னபடி திரும்பி வாங்க. அடுத்த வாரம் அரை மணி நேரம். அதுக்கடுத்த வாரம் ஒரு மணி நேரம். வேன் ஓட்டற அண்ணனையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு பிள்ளைங்களோட சேந்து பசியாற வச்சோம், மொத நாளு வேன்ல ஏர்றப்ப தெரிஞ்ச மூஞ்சியா இருக்கணும்ல.

இன்னொண்ணு பேப்பர் விஷயம். சூராட் பெரானாக், அதாவது பொறப்பு பத்திரம் இல்லாம ஒரு பிள்ளை வந்துச்சு, வயசு நாலு. பொறந்து 60 நாளுக்குள்ள பதிஞ்சிருக்கணும், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை, யாரும் போகல. பத்திரம் இல்லன்னா பிள்ளைங்களுக்கான அடையாள அட்டை மைகிட் இல்ல, மைகிட் இல்லன்னா பள்ளியில பதியறதுக்குள்ள படாத பாடு. அந்த அம்மாவோட ரெண்டு பொம்பளைங்க துணைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு பதிவு இலாகாவுக்கு, ஜேபிஎன்னுக்குப் போனாங்க, ஒரு தடவையில முடியல, நாலு தடவை போனாங்க, இன்னும் முடியல, திரும்பவும் போவாங்க. தயவு செஞ்சு உங்க வரிசையில இப்படி ஒரு பிள்ளை இருந்தா ஏழு வயசு வரைக்கும் காத்திருக்காதீங்க. பாலர்பள்ளிக்கு பேரு குடுக்கற நேரத்துலயே ஒவ்வொரு வீட்டுலயும் பத்திரத்த எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. கிளினிக் புக்குல தடுப்பூசி விட்டுப்போயிருக்கான்னும் அப்படியே பாத்துருங்க. கை கால் வாய் நோய் வந்த பிள்ளைய புண்ணு காயற வரைக்கும் வீட்டுலயே வச்சிருங்க, ஒரு பிள்ளைக்கு வந்தா மொத்த வகுப்புக்கும் வந்துடும்.

பள்ளிக்கூடத் தொறப்பு கோவிட்டுக்கப்பறம் மார்ச்சுக்குப் போனது 2026-லேர்ந்து திரும்ப ஜனவரிக்கு வந்துருச்சு, அதனால நாங்களும் இனிமே செப்டம்பர் மாசமே ஆரம்பிச்சுருவோம், தீபாவளிக்கு ரெண்டு வாரம் லீவு. இப்ப 14 பிள்ளைங்க. சின்னதா போன யூனிபாரத்த தொவைச்சு மண்டபத்து கொடியில போட்டு வைங்க, அளவு சரியா இருக்கறவங்க எடுத்துக்குவாங்க, கேக்க வேண்டியதில்ல.

வர்றவங்க காலைல எட்டரைக்கு வாங்க, பக்கத்து தோட்டம், தாமான் எதுவா இருந்தாலும் வாங்க. பிள்ளைக்கு மாத்து கால்சட்டை ஒண்ணு, தண்ணி போத்தல் ஒண்ணு, அப்பறம் சாப்பாட்டு டப்பா. டப்பா புதுசா வாங்க வேணாம், பள்ளிக்கு எத குடுத்து விடப் போறீங்களோ அதையே கொண்டு வாங்க, மூடி போட்டு நல்லா இறுக்கி கொண்டு வாங்க.