சொரசொரப்பான பக்கம் எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாத்தா வீட்டு அலமாரியைக் காலி செய்தபோது, பழைய பிஸ்கட் டின்களுக்குப் பின்னால் அவருடைய ரோலைகார்டு கேமரா கிடைத்தது. 1952க்கும் 1954க்கும் இடையில் ஜெர்மனியில் தயாரான நான்காம் மாடல். மேலே ஒரு லென்ஸ் பார்ப்பதற்கு, கீழே ஒரு லென்ஸ் படம் பிடிப்பதற்கு. விடியற்காலையில் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுக்கப் போனவர், ஞாயிற்றுக்கிழமைகளில் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாகப் போவார். 1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்து அடையாள அட்டை கட்டாயமான காலத்திலிருந்தே தோட்டத்தில் படம் எடுப்பவருக்கு மரியாதை இருந்தது என்பார் அம்மா.

கேமரா பூஞ்சை நாற்றம் அடித்தது. மேல் உறை ஓரங்களில் பெயர்ந்து சுருண்டிருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால், பித்தளைத் திருகுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. பல்குத்தும் குச்சியால் அதைச் சுரண்டி, பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரப்பஞ்சால் ஒற்றி ஒரு நாள் காயவிட்டேன். உறையை ஒட்ட ரப்பர் பசை வாங்கினேன். சட்டென்று ஒட்டிக்கொள்ளும் பசையை கேமரா பக்கமே கொண்டுவரக் கூடாது. அதன் ஆவி லென்சில் வெள்ளையாகப் படியும். ரப்பர் பசை என்றால் நாளைக்கு யாராவது மறுபடி பிரிக்கவும் முடியும். கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் போய் உலோகம் பளிச்சிடும் இடங்களை மட்டும் தொடவில்லை. அவை தாத்தாவின் விரல் இருந்த இடங்கள்.

மேல் லென்சின் உருவம் விழும் காட்சித் திரைதான் பெரிய வேலை. மேல் மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றி, முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். மூடியைத் தூக்கியதும் திரைக் கண்ணாடி தெரிந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மணல் தேய்த்தது போன்ற சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பில் எழுபது வருடத் தூசி அப்பியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, விரல்நுனி, அவ்வளவே. அழுத்தித் தேய்த்தால் கட்டக் கோடுகள் அழிந்துவிடலாம். அடியில் சாய்வாக இருந்து உருவத்தைத் திரைக்குத் திருப்பும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால் காற்று ஊதியதோடு நிறுத்திக்கொண்டேன். மூலையில் பூச்சு கொஞ்சம் உரிந்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டி அங்கே வைப்பது தவறு. அதன் பூச்சு பின்பக்கம் இருப்பதால் உருவம் இரண்டாகத் தெரியும்.

திரையை மாட்டிப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. எதிர்வீட்டு மாமரம் இடம் வலம் மாறி, ஆனால் இலை இலையாகத் தெரிந்தது. உடனே ஃபிலிம் போட்டு, பன்னிரண்டு படங்களையும் இரண்டு நாளில் எடுத்து முடித்து, ஈப்போவில் கழுவக் கொடுத்தேன்.

அருகில் நின்று எடுத்த படங்கள் எல்லாமே பாழ். வாசலில் நின்ற அம்மாவின் முகம் பனிமூட்டம். அவருக்குப் பின்னால் கொடியில் காய்ந்த கைலியின் கட்டங்களோ துல்லியமாக இருந்தன.

லென்ஸ் போய்விட்டதென்றே நினைத்து இரண்டு நாள் மனம் ஒடிந்து கிடந்தேன். பிறகு ஒரு ராத்திரி எழுந்து மூடியைத் திறந்து திரையில் நகத்தை ஓட்டினேன். நகம் சரசரத்தது. சொரசொரப்பு மேலே இருந்தது! அந்தப் பரப்பில்தான் உருவம் விழுகிறது. அது கீழே, லென்சிலிருந்து வரும் ஒளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நான் கவிழ்த்து வைத்ததில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தது. திரையில் அம்மாவைத் தெளிவாக்க நான் குமிழைத் திருகியபோது, ஒரே தகட்டில் இருக்கும் இரண்டு லென்சும் சேர்ந்தே உள்ளே நகர்ந்திருக்கின்றன. அதனால் ஃபிலிமில் தெளிந்தது அம்மாவுக்குப் பின்னால் இருந்த கொடி.

திரையைத் திருப்பி வைத்தேன். இம்முறை ஃபிலிமுக்கு அவசரப்படவில்லை. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் காகிதம் ஒட்டி, ஷட்டரை, அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் பி நிலையில் திறந்து பிடித்தேன். அம்மாவை அதே வாசலில் நிற்கச் சொன்னேன். திரையில் அவரது மூக்குத்தியைத் தெளிவாக்கிவிட்டு, போர்வைக்குள் தலையை நுழைத்துப் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பார்த்தேன். அம்மா தலைகீழாக நின்றார். மூக்குத்தி ஒற்றைப் பொட்டாக மின்னியது. பின்னால் கைலியின் கட்டங்கள் கலங்கிக் கிடந்தன.