அவியளுக்குச் சாப்பாடு போவுது

நெல்லையப்பர் கோயிலுக்கு நான் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கோயில் இருக்கிற திருநெல்வேலி டவுன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் போய்க்கொண்டிருந்தவள் நான். தனியாகப் போனதில்லை, அத்தையோடுதான். அத்தை என்றால் என் மாமியார். பக்கவாதம் வந்து அத்தை படுத்த வாரத்தோடு, எங்கள் இரண்டு பேருடைய வெள்ளிக்கிழமையும் நின்றுபோனது.

அத்தைக்கு வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சிலும் மிச்சமிருப்பது பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான். தண்ணி, போதும், வலி, அப்புறம் என்னைக் கூப்பிட ஒரு ‘எம்மா’. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். சாப்பாடு கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்தி, உட்கார்ந்த மாதிரி வைத்துக் கொடுக்க வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். படுத்த வாக்கில் கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். முதலில் ஈரத்துணியால் உதட்டை ஒற்றி எடுப்பேன். அது பட்டால்தான் அத்தை வாயைத் திறப்பார். குழையப் பிசைந்த சோற்றில் அரைக் கரண்டி. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கிய பிறகு அடுத்த அரைக் கரண்டி. ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

இப்படியே நாட்கள் போயின. காலையில் விளக்கேற்றும்போதுகூட காது உள்ளறையில்தான் இருக்கும். ஒரு பதிகத்தை முழுசாக, மனசு ஒட்டிச் சொல்ல முடிந்ததில்லை. கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அத்தை எத்தனையோ வருஷம் பழம் கொடுத்த யானை. என்னால் போக முடியவில்லை. அன்றைக்கு ரொம்ப அழுதேன். நெல்லையப்பர் என்னைத் தள்ளி வைத்துவிட்டார் என்ற மனத்தாங்கல் அப்போதுதான் கெட்டிப்பட்டது.

ஐப்பசி கடைசியில் ஒரு வியாழக்கிழமை, தென்காசியிலிருந்து நாத்தனார் வந்தார். “அம்மாவ நான் பாத்துக்கிடுதேன். நீ கோயிலுக்குப் போயிட்டு வா” என்றார். “மதினி, 12 மணிக்கு அத்தைக்குச் சாப்பாடு. ரசத்த வடிகட்டி ஊத்துங்க” என்று நாலு தடவை சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வண்ணார்பேட்டை தாண்டி சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் ஏறியதும் தாமிரபரணி தெரிந்தது. கலங்கலாக, இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பரிசலில் மட்டுமே ஆற்றைக் கடந்துகொண்டிருந்த ஜனங்களுக்காக, ஒரு தனி மனிதர் தன் கைப்பணத்தைப் போட்டு 1843-ல் கட்டி முடித்த பாலம் அது. பஸ் அதில் ஏறும்போதெல்லாம் அத்தை கையெடுத்துக் கும்பிடுவார். ஆற்றையா பாலம் கட்டியவரையா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. அன்றைக்கு அவருக்காகவும் சேர்த்து நான் கும்பிட்டேன்.

கோயிலுக்குள் கால் வைத்ததும் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. எண்ணெயும் ஈரக் கல்லும் சேர்ந்த அந்த வாசனை. பழைய பழக்கத்தில் கால் தானாகவே ஒவ்வொரு சன்னதியாக நின்று நின்று போனது. அத்தை இந்தப் பிராகாரத்தில் நடந்தபடியேதான் எனக்குத் தலபுராணம் சொல்லிக் கொடுத்தார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் கேட்டதை மறக்க மாட்டார்.

இந்த இடமெல்லாம் மூங்கில் காடாக இருந்த காலம். ராமக்கோன் அரண்மனைக்குப் பால் கொண்டு போகிறவன். தினமும் ஒரே இடத்தில் கால் தடுக்கி, பால் கொட்டிப் போகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் ஒருநாள் கோடாலியோடு வந்து, தடுக்கிய மூங்கில் தூரை வெட்டினான். ரத்தம் பீறிட்டது. அங்கே சுயம்புவாக இருந்தவர்தான் வேணுவனநாதர். வேணு என்றால் மூங்கில். அந்த வெட்டுக்காயம் இன்னும் அவர் தலையில் இருக்கிறது என்பார் அத்தை.

இன்னொரு கதை வேதசர்மாவுடையது. வீடு வீடாகப் போய் வாங்கி வந்த நெல்லை, சுவாமி நைவேத்தியத்துக்கென்று வெயிலில் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். திடீரென்று மழை. பதறி ஓடி வந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளம், நெல் கிடந்த இடத்தில் மட்டும் வெயில். மழை நெல்லைத் தொடாதபடி சுவாமி வேலி போட்டுக் காத்தார் என்பதால் அவர் நெல்லையப்பர், ஊருக்கே திருநெல்வேலி என்று பெயர்.

அத்தைக்கு இந்தக் கதைதான் உயிர். வீட்டு மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்து போட்டிருப்பார். மேற்கே கொஞ்சம் கறுத்தால் போதும், “நெல்லையப்பா, வேலியப் போடப்பா!” என்று கீழேயிருந்து சத்தம் போடுவார். போட்டுக்கொண்டே வேகமாக மாடியேறி வேட்டியைச் சுருட்டவும் செய்வார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நடராஜர் ஆடுகிற தாமிர சபையையும் பார்த்துவிட்டு, சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னதிக்குப் போனேன். சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் முன்பு தனித்தனியாக இருந்தவை. 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் இந்த மண்டபத்தைக் கட்டி இரண்டையும் சேர்த்தார். காந்திமதி அம்மன் முகத்தைப் பார்த்ததும், இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை. அப்படியே மண்டபத்துக்குத் திரும்பி, தூண் ஓரமாக நின்றேன்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் என் சேலை முந்தியைப் பிடித்து இழுத்தார்.

“எம்மா, கொஞ்சம் ஒதுங்கி நில்லு. அவியளுக்குச் சாப்பாடு போவுது.”

நாங்கள் எப்போதும் சாயங்காலம் வருகிறவர்கள். கேள்விப்பட்டிருந்தேனே தவிர, உச்சிக்காலத்தில் நின்று பார்த்ததில்லை. மதியம் அம்மன் சன்னதியிலிருந்து அர்ச்சகர்கள் மேளதாளத்தோடு சுவாமிக்குச் சாப்பாடு கொண்டு போகிறார்கள். சாதம், சாம்பார், கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய், தயிர் சாதம் என்று ஒரு வீட்டுச் சாப்பாடு. காந்திமதியே தன் வீட்டுக்காரருக்குப் பரிமாறுகிறாள் என்பது ஐதீகம். சுவாமிக்குப் படைத்தான பிறகுதான் அம்மனுக்கு.

“இன்னைக்கு நேரத்துக்கு அனுப்பிட்டா” என்றார் ஆச்சி, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிற மாதிரி. “அவிய பசி தாங்க மாட்டாவல்லா.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அதே நேரம்தான். மதினி தலைமாட்டை உயர்த்தியிருப்பாரா, உதட்டை முதலில் துடைத்தாரா, ரசத்தை வடிகட்டினாரா என்றெல்லாம் மனசு ஓடியது. சாமி முன்னால் நிற்கும்போது இப்படி நினைப்பு வீட்டுக்குப் போனால் எனக்குக் குற்ற உணர்ச்சி வரும். அன்றைக்கு வரவில்லை. சன்னதியில் திரைக்கு அந்தப் பக்கமும் அதே வேலைதானே நடந்துகொண்டிருந்தது!

கோயிலில் ஒரு நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று அங்கேயே நின்று யோசித்தேன். திருவனந்தலில் எழுப்புகிறார்கள். எண்ணெய் சாத்திக் குளிப்பாட்டுகிறார்கள், துவட்டி வஸ்திரம் மாற்றுகிறார்கள். பொட்டு வைத்து, பசிக்கும் முன்னால் சாப்பாடு கொடுத்து, ராத்திரி பள்ளியறையில் தூங்க வைக்கிறார்கள். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. இதைச் செய்கிறவர்களை அவர் தள்ளி வைப்பாரா?

எல்லா நாளும் நான் பக்தியோடு செய்தேன் என்று சொல்ல மாட்டேன். சலித்துக்கொண்டிருக்கிறேன். அத்தை வாயைத் திறக்காத ஒரு மத்தியானம், கரண்டியை விட்டெறிந்திருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு அத்தை கண்ணை மூடிக்கொண்டது இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. கர்ப்பகிரகத்துக்கு நேரே நின்றபோது ராமக்கோனைத்தான் நினைத்தேன். தினம் தினம் ஒரே இடத்தில் தடுக்கினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது. அவன் கும்பிட வந்தவன் இல்லை, வெட்ட வந்தவன். அவனுக்கும்தான் காட்டிக்கொடுத்தார். எத்தனை யுகமானாலும் அந்தத் தழும்போடு இருக்கிறார். தீபாராதனையில் கேட்க என்னிடம் எதுவும் இல்லை. அத்தை பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து ரத வீதியில் மருந்து வாங்கினேன். சம்பந்தர் இந்த ஊர்ப் பதிகத்தை ‘மருந்து’ என்றுதான் ஆரம்பிக்கிறார். எத்தனை வருஷமாகச் சொல்லிவருகிற பதிகம்! சீட்டை நீட்டியபோதுதான் அந்த முதல் வார்த்தை எனக்குக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டரை. மதினி எல்லாம் சரியாகச் செய்திருந்தார். அவரைச் சாப்பிட்டுப் படுக்கச் சொல்லிவிட்டு, அத்தை நெற்றியில் விபூதி பூசினேன். இடது பக்கம் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். உச்சிக்காலச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். பாலத்தில் அவருக்காகக் கும்பிட்டதைச் சொன்னேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

“வலி...”

“எங்க வலிக்கி அத்தை? இடுப்பா?”

இல்லை என்று தலையை அசைத்தார். முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அதுவும் இல்லை. அவர் பார்வை என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் போனது. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். கஷ்டப்பட்டு, இழுத்து இழுத்து, மறுபடியும் சொன்னார்.

“வே...லி.”

அப்புறம்தான் எனக்கும் கேட்டது. ஜன்னலுக்கு மேலே தகரத்தில் ஒன்றிரண்டு சொட்டு. காலையில் துவைத்த அத்தையின் துணியெல்லாம் மொட்டை மாடிக் கொடியில் கிடந்தன.

எண்ணெய்க் கையோடு மாடிக்கு ஓடினேன். “நெல்லையப்பா, வேலியப் போடப்பா!” என்று உள்ளறை ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டேன். கடைசி இரண்டு துணி மட்டும் நனைந்துவிட்டது.