"மழை பெய்தால்" என்றொரு தலைப்பு

மன்னார்குடி வட்டாரத்தில் சில உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு, அறுவடை மிஷின் வாடகையைப் பதியும் மென்பொருளை நாங்கள் மூன்று பேர் செய்து கொடுத்திருக்கிறோம். அதன் உதவித் தளத்தை எழுதியது நான். போன தை மாசம், சம்பா அறுவடை மும்முரத்தில் போன் ஓயவே இல்லை. கேட்ட கேள்வி அத்தனைக்கும் தளத்தில் பதில் இருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது.

நீடாமங்கலம் பக்கம் பதிவு பார்க்கும் அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, ராத்திரி மழை பெஞ்சு வயல் சேறாக் கெடக்கு. டயர் வண்டி எறங்காது, பெல்ட் வண்டிக்கு மாத்தணும். வாங்குன அட்வான்ஸ அதுலயே வரவு வைக்கலாமா?" அதற்கான விளக்கம் "பரிவர்த்தனை மேலாண்மை" என்ற பக்கத்தில், "இதர அமைப்புகள்" என்ற தலைப்பின் கீழ் இருந்தது. யார் போய்த் தேடுவார்கள் அங்கே?

மறுநாள் நேரிலேயே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பட்டியலைத் திறந்தார், ஏழு பெயர்களையும் மேலிருந்து கீழே வாசித்தார், மூடிவிட்டார். அந்த ஏழில் ஐந்து "மேலாண்மை" என்று முடிந்தன. திரும்பும் வழியில் மூணாறு தலைப்பைக் கடந்துதான் வர வேண்டும். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம் அது. எந்த மதகைத் தூக்கினால் எந்த ஊருக்குத் தண்ணீர் என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் கிடையாது. நான் எழுதியதும் தலைப்புதானே என்று மனசு கனத்தது.

போனில் வந்த கேள்விகளை அவரவர் வாய்ச்சொல்லிலேயே நாற்பது சீட்டுகளில் எழுதினேன். நான்கு அலுவலகங்களில் கொடுத்து, "சேர வேண்டியதைச் சேர்த்து வையுங்க" என்றேன். நாங்கள் ரத்து, வண்டி மாற்றம், முன்பணம் என மூன்று பக்கங்களில் பிரித்து வைத்திருந்ததை மூன்று அலுவலகங்கள் ஒரே குவியலாக வைத்தன. பேர் கேட்டால், "மழை வந்தா பாக்குறது" என்றார்கள். இன்று அது "மழை பெய்தால்" என்ற பகுதி. அதற்குள் "டயர் வண்டியை பெல்ட் வண்டிக்கு மாற்றுவது", "அட்வான்ஸைத் திருப்பித் தருவது" என்று வேலையைச் சொல்லும் தலைப்புகள். முன்பணம் நல்ல சொல்தான். ஆனால் தேடி வருகிறவர் வாயில் இருப்பது அட்வான்ஸ்.

பார்வையற்ற நண்பர் ஒருவரைக் கும்பகோணத்திலிருந்து தளத்தைச் சோதிக்கச் சொன்னேன். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானில் எச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். என் பக்கத்தில் பாதித் தலைப்புகளில் அது நிற்கவே இல்லை. தலைப்பு என்று குறிக்காமல் வெறும் தடித்த எழுத்தாகப் போட்டுவைத்திருந்தேன். இன்னும் சில இடங்களில், எழுத்து சிறிதாகத் தெரியட்டும் என்று இரண்டாம் நிலைத் தலைப்பிலிருந்து மூன்றாம் நிலையை விட்டு நான்காம் நிலைக்குக் குதித்திருந்தேன். எல்லாவற்றையும் நிலை தவறாமல் திருத்தினேன்.

நான் எதிர்பார்க்காத சிக்கல் இணைப்புகளில் வந்தது. தளம், ஆவணத் தளங்களை உருவாக்கும் எம்கேடாக்ஸ் என்ற கருவியில் கட்டியது. அதற்கு அடியில் ஓடி, எழுதியதை வலைப்பக்கமாக மாற்றும் பைதான் மார்க்டவுன், தலைப்பின் எழுத்துகளிலிருந்தே அந்த இடத்துக்கு ஒரு முகவரி உண்டாக்கும். இயல்பு அமைப்பில் ஆங்கில எழுத்தும் எண்ணும் தங்கும், தமிழெழுத்து உதிர்ந்துவிடும். தமிழ்த் தலைப்பில் மிஞ்ச ஒன்றுமில்லாததால் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுவிடுகிறது. நடுவில் நான் புதிதாக ஒரு தலைப்பைச் செருகியதும் கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போயின. வாட்ஸ்அப் குழுக்களில் ஏற்கெனவே அனுப்பியிருந்த இணைப்பு வேறு பகுதியில் போய் நின்றது. "அட்வான்ஸைத் திருப்பித் தருவது" என்று அனுப்பியதைத் தொட்டவர் டீசல் கணக்கைப் பார்த்தார்.

தமிழெழுத்தையே முகவரியில் வைக்கவும் வழி உண்டு. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது அது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக நீண்டுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தலைப்புக்கும் நானே குறுகிய ஆங்கிலப் பெயர் வைத்தேன்; அதற்கான நீட்டிப்பை இயக்கினால் போதும். தலைப்பின் வாசகத்தை இனி எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது. தமிழில் ஆவணம் எழுதுகிறவர்கள் முதல் நாளே இதைப் பார்த்துவிடுங்கள். எனக்கு அறுபத்தெட்டுத் தலைப்புகளைத் திரும்பத் தொட வேண்டியிருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. அக்கா தேடல் பெட்டியில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார், ஒன்றும் வருவதில்லை. குறுவை அறுவடைக்குள் அந்த எழுத்துக்கூட்டல்களையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.