கரிநெருப்பு எரிந்த கரையில்

அம்மா கடைசியாகக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு தடவை கலிலேயாக் கடற்கரையில நின்னு ஜெபம் பண்ணிட்டு வாடா." எருசலேம் என்று சொல்லவில்லை, பெத்லகேம் என்றும் சொல்லவில்லை. ஏன் அந்தக் கரை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. போன மாதம் மனைவியோடு போய்விட்டு வந்தோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

என் தப்பைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டேன். அவன் கட்டாமல் போனதும் மொத்தக் கடனும் என் தலையில் விழுந்தது. மனைவி கேட்டபோதெல்லாம் "எனக்கு எதுவும் தெரியாது" என்று சாதித்தேன், அதே வாயால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடவும் செய்தேன். எல்லாம் வெளியே வந்த அன்று எங்கே போவதென்று தெரியாமல் அம்மாவிடம் போனேன். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. "முதல்ல சாப்பிடு" என்றார். அதற்கப்புறமும் இரண்டு வருடம் வெட்கத்தில் நான் வேதத்தைத் திறக்கவில்லை.

முதலில் எருசலேம். சீயோன் மலைச் சரிவில், சீஷன் பேதுரு சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த இடம் என்று சொல்லப்படும் ஆலயம் இருக்கிறது, 1931-ல் கட்டியது, உச்சியில் பொன்னிறச் சேவல். அங்கே படி இறங்கி ஏறியதில் என் மூட்டு விண்விண் என்று தெறித்தது. தெருவில் ஒலிவ மரச் சிலுவை விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஆனால் அந்தச் சேவலை நிமிர்ந்து பார்த்தபோது இரைச்சல் எல்லாம் அடங்கிவிட்டது. "தெரியாது" என்று சொன்ன என் குரல்தான் காதில் கேட்டது.

இரண்டு நாள் கழித்து தப்கா. கலிலேயாக் கடலை ஒட்டி, கறுத்த கல்லில் 1933-ல் கட்டிய சின்ன ஆலயம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்கு அப்பமும் மீனும் கொடுத்த இடம் என்று உள்ளே ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். பாறைமேல் கை வைத்துப் படம் எடுக்க ஒரே தள்ளுமுள்ளு, ஜெபிக்க வந்தவர்களுக்கு நிற்க இடமில்லை, மனசு கஷ்டமாகிவிட்டது. சரி என்று வெளியே வந்து கரையில் உட்கார்ந்து அம்மாவின் வேதாகமத்தைத் திறந்தேன்.

யோவான் சுவிசேஷத்தில் இந்தக் கரையில் நடந்ததைச் சொல்லும் 21-ம் அதிகாரத்தில் அம்மா ஒரே ஒரு வார்த்தையைத்தான் கோடிட்டிருந்தார். கரிநெருப்பு. பக்கத்தில் பென்சிலால் 18:18 என்று எழுதியிருந்தது. திருப்பினேன், அங்கேயும் கரிநெருப்பு, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த நெருப்பு. எத்தனை தடவை வாசித்திருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை. விழுந்தவனுக்காக ஆண்டவர் அதே நெருப்பை மூட்டி வைத்துக் காத்திருக்கிறார். வாருங்கள், சாப்பிடுங்கள் என்று முதலில் பசியாற்றுகிறார், "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்வியே அதற்கப்புறம்தான் வருகிறது. அன்றைக்கு அம்மா ஏன் கேள்வி கேட்காமல் சாப்பாடு போட்டார் என்று எனக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் விளங்கியது. கூட்டத்தையும் மறந்து வாய்விட்டு அழுதேன்.

ஜெபத்துக்கென்று யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட வரவில்லை. "நீர் எல்லாம் அறிவீர், நீர் எல்லாம் அறிவீர்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் மறைத்திருந்த ஒன்றை மனைவியிடம் சொன்னேன். நான் போட்ட கையெழுத்து ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதைக் கட்டி முடித்ததே போன வருடம்தான். அவள் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "தெரியும்ங்க, நீங்களே சொல்லணும்னுதான் ஜெபிச்சேன்" என்றாள்.

பஸ்ஸில் ஹாரன் அடித்துக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் கணுக்கால் தண்ணீரில் நின்றோம். ஸ்தோத்திரம் அப்பா, அம்மாவுக்காக ஸ்தோத்திரம், இவளுக்காக ஸ்தோத்திரம்.