ஏழு நிமிடம் பின்தங்கிய கணினியும் என் ட்ரேடிங் டெர்மினலும்

போனிலேயே பங்குச்சந்தை ட்ரேடிங் செய்து பழகியவன் நான். அதில் விலை வரைபடமான சார்ட்டைப் பார்த்தால் ஆர்டர் திரை மறைந்துவிடும், ஆர்டர் திரைக்குப் போனால் சார்ட் போய்விடும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான், புரோக்கர் தரும் டெஸ்க்டாப் டெர்மினலை, அதாவது கணினியில் ட்ரேடிங் செய்யும் மென்பொருளை, நிறுவ உட்கார்ந்தேன். சந்தை மூடியிருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்துத் தொடங்கினேன். ஏதாவது சொதப்பினாலும் பணம் போகாது என்று ஒரு கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதே விடுமுறை மறுநாள் இரவு என்னைக் கோமாளியாக்கியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

மென்பொருளின் பெயரைத் தேடுபொறியில் தட்டினால் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றில் எது அசல், எது போலி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாஸ்வேர்டு கேட்கும் மென்பொருளில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்று புரோக்கரின் தளத்துக்குள் லாகின் செய்து அங்கிருந்தே இறக்கினேன். ஃபைலைத் திறந்ததும் விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டி வழிமறித்தது. அதிகம் பேர் இறக்காத புதிய ஃபைல் என்றால் இப்படிச் செய்யும். கண்ணை மூடிக்கொண்டு ‘ரன் எனிவே’ அழுத்தாமல், ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேபைப் பார்த்தேன். மென்பொருளை வெளியிடும் நிறுவனம் இடும் மின்னணுக் கையொப்பம் இருந்தது, அதில் சரியான நிறுவனத்தின் பெயரும் இருந்தது. அதன்பிறகே அழுத்தினேன்.

நிறுவல் முடிந்தது, ஐகானும் வந்தது. டபுள் க்ளிக் செய்தால் ‘விசிரன்டைம்140.டிஎல்எல் காணவில்லை’ என்றது. இந்த ஒரு ஃபைலை மட்டும் தனியாகத் தருகிறோம் என்று எத்தனையோ தளங்கள் கடை விரித்திருக்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள். யார் எதைக் கலந்து தருகிறார்கள் என்று தெரியாது. இது மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி++ தொகுப்பில் உள்ள ஃபைல். அதை இறக்கி நிறுவினேன். மறுபடியும் அதே பிழை.

என் விண்டோஸ் 64 பிட் என்பதால் 64 பிட் தொகுப்பைப் போட்டிருந்தேன். டெர்மினல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அது ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86’ ஃபோல்டருக்குள் இருந்தது. அப்படியென்றால் மென்பொருள் 32 பிட். விண்டோஸ் எதுவாக இருந்தாலும் 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் தொகுப்புதான் வேண்டும். அதையும் போட்டேன், லாகின் திரை வந்தது. உண்மையான கூத்து அங்கேதான் தொடங்கியது.

பெயர், பாஸ்வேர்டு, போனில் வந்த ஆறு இலக்க எண் எல்லாம் கொடுத்தால் ‘உள்நுழைய முடியவில்லை’ என்று ஒரே ஒரு வரி. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அதே பெயர், அதே பாஸ்வேர்டு பிரவுசரில் போட்டால் உள்ளே போகிறது. அதனால் சந்தேகம் ஃபயர்வால் மேல் போனது. டெர்மினலுக்கு அனுமதி கொடுத்தேன். ஆன்டிவைரஸை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்தேன். மோடத்தை விட்டுவிட்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். முழுவதும் நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். புதிதாக நிறுவிய மென்பொருளின் லாகின் திரையில் என் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது! அப்படியானால் நான் நீக்கியது மென்பொருளை மட்டும்தான், அதன் அமைப்புகள் வேறு எங்கோ பத்திரமாக இருக்கின்றன.

புரோக்கரின் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பெரியம்மா மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்கு மென்பொருள் சோதனைதான் தொழில். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: “லாக் ஃபைலைப் பாத்தியாடா?” மென்பொருள் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும் ஃபைல் அது.

“எங்கக்கா இருக்கும்?”

“ஆப்டேட்டா ஃபோல்டர்ல பாரு. மறைஞ்சிருக்கும். நீ நீக்கிட்டு நிறுவினாலும் அது அப்படியேதான் இருக்கும்.”

மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி, ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் டெர்மினலின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதி வாரியாக லாக் ஃபைல்கள். நோட்பேடில் திறந்தேன். நூற்றுக்கணக்கான வரிகள். கீழிருந்து மேலே படிக்கச் சொன்னாள், கடைசியாக நடந்தது கடைசியில்தானே இருக்கும். ஐந்தாறு வரிகளுக்கு மேலே அது கிடந்தது: கோரிக்கையின் நேரம் அனுமதித்த வரம்புக்குள் இல்லை.

திரையின் மூலையில் கணினி காட்டிய நேரம் 6:41. கையில் இருந்த போனைப் பார்த்தேன், 6:48. கணினி ஏழு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது.

டெர்மினல் லாகின் கோரிக்கையை அனுப்பும்போது, அனுப்பிய நேரத்தையும் சேர்த்துக் கையொப்பமிட்டு அனுப்புகிறது. யாராவது அதை நடுவில் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பினால் ஏமாறக் கூடாது என்பதற்காக, நேரம் அதிகம் தள்ளியிருந்தால் சர்வர் ஏற்காது. பிரவுசருக்கு இந்தத் தொல்லை இல்லை. நேர விஷயத்தில் அது பார்ப்பது, தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்பது போன்றவற்றைத்தான். சான்றிதழின் ஆயுள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இருப்பதால் ஏழு நிமிடம் அதற்குத் தூசு. பிரவுசரில் வேலை செய்கிறதே என்று நான் நம்பியதுதான் என்னை அரைநாள் சுற்றவிட்டது.

சரி, நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி ‘ஆன்’ என்றுதானே காட்டுகிறது? ‘சிங்க் நவ்’ அழுத்தினால் தோல்வி. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் டைம் என்ற சேவையைத் தேடினேன். ‘டிசேபிள்ட்’ என்றிருந்தது. செய்தது நான்தான். கணினி வேகமாக ஓட இந்தச் சேவைகளையெல்லாம் அணைத்துவிடுங்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எப்போதோ அணைத்த ஞாபகம் மெல்ல வந்தது. சேவையைத் திரும்ப இயக்கி, சிங்க் அழுத்தியதும் கடிகாரம் ஏழு நிமிடம் தாவியது. அடுத்த முயற்சியிலேயே டெர்மினல் உள்ளே விட்டது.

மறுநாள், ஞாயிறு இரவு, நிதானமாக உட்கார்ந்து சார்ட்டுகளை அடுக்கினேன். விலை நகரவே இல்லை. மூலையில் இணைப்புச் சின்னம் பச்சையாக இருக்கிறது, விலை மட்டும் கல் மாதிரி நிற்கிறது. டேட்டா அமைப்புகளை மாற்றினேன், சார்ட்டை அழித்துத் திரும்பத் திறந்தேன், ஒரு மணி நேரம் போனது. மறுபடியும் அக்காவுக்குப் போன். “இன்னைக்கு என்ன கிழமை?” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

திங்கள் காலை கணினியைப் போட்டதும் முதல் வேலையாக நேரத்தைப் பார்த்தேன். மறுபடி மூன்று நிமிடம் குறைவு. சிங்க் ஆன பிறகு சரியானது. நான் இரவில் சுவிட்ச்போர்டிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடுவேன். அப்போது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் பொத்தான் அளவு பேட்டரிதான். சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. பழைய கணினி, பேட்டரிக்கும் வயதாகிவிட்டது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரைகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு (பேட்டரியை எடுத்தால் சில அமைப்புகள் அழிந்துவிடும்), மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மாற்றினேன். பத்து நிமிட வேலை.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன; ஐகானின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி டேபுக்குப் போய் திரைக்கேற்ப எழுத்தின் அளவை மாற்றும் டிபிஐ அமைப்பை மாற்றியதும் தெளிந்தது. உதவிப் பக்கம் வரும் என்று எஃப்1 அழுத்தினால் வாங்கும் ஆர்டர் திரை திறந்தது! அன்றே ஷார்ட்கட் பட்டியலை முழுதும் படித்தேன். ஒரே க்ளிக்கில் ஆர்டர் போகும் வசதியை அணைத்துவிட்டு, உறுதி கேட்கும் பெட்டி வருமாறு வைத்தேன். உண்மைப் பணம் இல்லாத டெமோ கணக்கில் ஒரு நாள் ஓட்டினேன். பிறகு உண்மைக் கணக்கில், சந்தை விலைக்கு வெகு கீழே ஒரே ஒரு பங்கை வாங்க, நான் சொன்ன விலைக்கு மேல் வாங்காத லிமிட் ஆர்டர் போட்டு, அது ஆர்டர்களின் பட்டியலான ஆர்டர் புக்கில் தெரிகிறதா, ரத்து செய்தால் போகிறதா என்று பார்த்தேன். போனது.

உதவி மையத்திலிருந்து செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்கச் சொன்னார்கள்.

இப்போது இரண்டு சார்ட்டும் ஆர்டர் திரையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. போனும் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே லாகின் செய்தபடி கிடக்கிறது. ஆர்டர் நிலுவையில் இருக்கும்போது டெர்மினல் படுத்துவிட்டால், ரத்து செய்ய அதுதான்.