கட்டடம் முடிந்தால் திட்டம் முடிந்துவிடுமா?

2023 டிசம்பர் 30 அன்று சென்னையின் தெற்குப் புறநகரான கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 88 ஏக்கர் பரப்பில், சுமார் 394 கோடி ரூபாய்ச் செலவில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டிய அந்த வளாகம், இட வசதியில் பழைய கோயம்பேடு பேருந்து நிலையத்தை விஞ்சியது. ஆனால் திறப்பு நாளில் அதற்கென்று ஒரு புறநகர் ரயில் நிலையம் இல்லை. மெட்ரோ ரயிலும் மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு நின்றிருந்தது. அந்த நிலையில்தான் தென்மாவட்டப் பேருந்துகள் சில வாரங்களுக்குள் அங்கு மாற்றப்பட்டன. பிப்ரவரியில் ஓர் இரவு, ஊருக்குப் போகப் பேருந்து கிடைக்காத பயணிகள் சாலை மறியலில் இறங்கினார்கள்.

இதைத் தனியொரு துறையின் குறையாக நான் பார்க்கவில்லை. நிலம் எவ்வளவு, நடைமேடைகள் எத்தனை என்பதைத் திட்டம் என்கிறோம். எந்த நேரத்தில் எத்தனை வண்டிகள், அவற்றை ஓட்டுவது யார், தாமதமானால் மாற்று ஏற்பாடு என்ன என்பதையெல்லாம் திறப்பு விழாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். பயணியைப் பொறுத்தவரை இந்தப் பிற்பாதிதான் போக்குவரத்து.

மதுரையிலிருந்து வரும் பேருந்து விடியற்காலை மூன்றரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் ஆளை இறக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பை, தோளில் உறங்கும் குழந்தை, போக வேண்டிய இடம் பெரம்பூர். அவர் வந்த வண்டியின் நேரத்தை ஒரு போக்குவரத்துக் கழகம் முடிவு செய்கிறது. அடுத்து ஏற வேண்டிய நகரப் பேருந்தின் நேரத்தை மாநகரப் போக்குவரத்துக் கழகமும், ரயில் நேரத்தைத் தெற்கு ரயில்வேயும் முடிவு செய்கின்றன. மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, முதல் வண்டி கால் மணி நேரம் பிந்தினால் இரண்டாவது காத்திருக்குமா என்று கேட்கும் பொறுப்பு வழக்கமாக எவரிடமும் இருப்பதில்லை. நகரப் பேருந்து கிடைக்காவிட்டால் ஆட்டோக்காரர் கேட்கும் தொகைதான் கட்டணம். மதுரையிலிருந்து வந்த செலவை அது தாண்டினாலும் வியப்பதற்கில்லை.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலைச் சட்டத்தின் வழியாகவே அணுகினார்கள். அங்கே 50,000 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு நகர்ப்புறப் பகுதிக்கும் ஒரு திட்டமிடல் அமைப்பு உண்டு. அது குறைந்தது 20 ஆண்டுகளை நோக்கிய போக்குவரத்துத் திட்டம் தயாரிக்க வேண்டும். 2005இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், இருக்கிற சாலைகளையும் சேவைகளையும் எப்படிச் சிறப்பாக இயக்கப்போகிறோம் என்பதும் அந்தத் திட்டத்துக்குள் இடம்பெற வேண்டும் என்றது. நெரிசலில் ஏறத்தாழ பாதிக்குச் சாலையின் அகலம் காரணமில்லை. விபத்து, சாலைப் பணி, மழை, திருவிழா போன்ற தற்காலிக இடையூறுகளே காரணம் என்று அந்நாட்டு நெடுஞ்சாலை நிர்வாகம் மதிப்பிடுகிறது. கூடுதலாக ஒரு மேம்பாலம் கட்டினால் இந்தப் பாதி தீராது. பழுதான லாரியை விரைவாக அப்புறப்படுத்துவது, சிக்னல் நேரத்தை மாற்றி அமைப்பது, மாற்றுப் பாதையை முன்கூட்டியே அறிவிப்பது ஆகியவைதான் அதற்கு மருந்து.

வடகிழக்குப் பருவமழை ஆண்டு தவறாமல் வரும் சென்னைக்கு இது இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். எந்தச் சுரங்கப்பாதைகளில் முதலில் நீர் தேங்கும் என்பது ஊரே அறிந்த செய்தி. அந்த நாளில் எந்தத் தடப் பேருந்து எந்தத் தெரு வழியாகத் திரும்பும், எந்த நிறுத்தங்கள் விடுபடும், அதைப் பயணிக்கு யார் சொல்வது என்பவை அக்டோபருக்கு முன்பே எழுதி வைக்கப்பட வேண்டியவை. அது பேரிடர்க் கால அவசர வேலை அன்று, திட்டமிடலின் ஒரு பகுதி.

பணத்தின் வழியும் தடையாக இருக்கிறது. மெட்ரோ போன்ற கட்டுமானங்களுக்கு ஜப்பான் அரசின் பன்னாட்டு உதவி நிறுவனமான ஜைகாவும் ஆசிய வளர்ச்சி வங்கியும் நீண்டகாலக் கடன் தருகின்றன. கூடுதலாக விடப்படும் ஒரு பேருந்தின் டீசலுக்கும் ஓட்டுநர், நடத்துநர் சம்பளத்துக்கும் அப்படி ஒரு கடன் கிடைப்பது அரிது. ஆண்டுதோறும் கட்டண வருவாயிலும் அரசு மானியத்திலும்தான் அது நடந்தாக வேண்டும். அதனால் கான்கிரீட் எளிதில் ஒப்புதல் பெறுகிறது, வண்டியின் நடைகள் பெறுவதில்லை.

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இந்த இடைவெளியை நிரப்ப வந்த அமைப்பு. 2010இல் சட்டம் இயற்றப்பட்டும், முதலமைச்சர் தலைமையிலான அதன் முதல் கூட்டம் 2022இல்தான் நடந்தது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்று' செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டை அளித்தது; அதை மனமார வரவேற்கிறேன். சீட்டை இணைத்ததைப் போல நேரத்தையும் இணைக்க வேண்டும்.

பெருநகரப் பகுதியின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது; மூன்றாம் முழுமைத் திட்டமும் தயாராகி வருகிறது. அதில் குறிக்கப்படும் ஒவ்வொரு முனையத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் வரைபடத்தோடு இன்னும் மூன்று தகவல்கள் கேட்கிறேன்: முதல் நாளிலிருந்து ஓடும் இணைப்புப் பேருந்துகளின் கால அட்டவணை, முதல் ஐந்தாண்டுகளுக்கு அதற்கான செலவை ஏற்பவர், வண்டி வராதபோது பதில் சொல்ல வேண்டிய அலுவலரின் பதவி. இவை நிரப்பப்படும்வரை திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்கக் கூடாது.